கால்டுவெல் பிறந்த மண்ணின் மக்கள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் 45 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி இப்போது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறாள். கணவர் அந்த ஊர்க்காரர். மகன் ஏழாம் வகுப்பு. முன்னோர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வழியில் சிரமம் இல்லை, தாத்தா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பா வழியில்தான் சிக்கல். "நாம் ஸ்காட்ஸ்-ஐரிஷ் வம்சம்" என்று அந்தப் பாட்டி பெருமையாகச் சொல்கிறார். பையனோ, "அப்படியென்றால் நான் ஸ்காட்லாந்தா, அயர்லாந்தா?" என்று கேட்கிறான். வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "சார், நீங்கள்தானே எங்களுக்கு வரலாறு எடுத்தீர்கள், சொல்லுங்கள்" என்று எனக்கு எழுதினாள். அவளுக்கு எழுதிய பதிலை விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து தொடங்குவோம். இடையன்குடி கால்டுவெல் ஐயர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டவர். சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்பவர். அவர் எந்த நாட்டுக்காரர் என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் இங்கிலாந்து என்பீர்கள், சிலர் ஸ்காட்லாந்து, சிலர் அயர்லாந்து. அவர் 1814-ல் பிறந்தது அயர்லாந்தின் வடக்கே ஆன்ட்ரிம் கவுன்டியில், கிளேடி என்ற சிற்றூரில். பெற்றோர் ஏழை ஸ்காட்லாந்துக்காரர்கள். பத்து வயதில் குடும்பத்தோடு கிளாஸ்கோ போய், அங்கே வளர்ந்து, 1838-ல் சென்னையில் வந்து இறங்கினார். அயர்லாந்தில் பிறந்தும் ஐரிஷ் இல்லை, ஸ்காட்லாந்து வேர் இருந்தும் அங்கே பிறக்கவில்லை. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் 1867-ல் அதே வட அயர்லாந்தில், டவுன் கவுன்டியில் மில்லைல் என்ற ஊரில், பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆக, நெல்லைச் சீமைக்கு அந்தப் பகுதி ஒன்றும் அந்நியம் இல்லை.

அயர்லாந்தின் அந்த வடபகுதிக்கு அல்ஸ்டர் என்று பெயர். அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களை பிரிட்டனில் அல்ஸ்டர் ஸ்காட்ஸ் என்பார்கள். அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் கடல் தாண்டி அமெரிக்கா போனார்கள். அங்கே அவர்களுக்கு வந்த பெயர்தான் ஸ்காட்ஸ்-ஐரிஷ். பழைய வழக்கில் ஸ்காட்ச்-ஐரிஷ்.

இரு தீவுகளுக்கும் இடையே கடல் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர்தான். நம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. வானம் தெளிவாக இருந்தால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை தெரியும். அதனால் போக்குவரத்து எல்லாக் காலத்திலும் உண்டு. இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். பழைய லத்தீன் எழுத்துகளில் 'ஸ்கோட்டி' என்ற சொல் அயர்லாந்துக்காரர்களைத்தான் குறித்தது. அவர்களில் ஒரு பிரிவினர் கடல் கடந்து மேற்கு ஸ்காட்லாந்தில் வேரூன்றினார்கள். அந்தப் பெயர் அந்த நாட்டுக்கே ஒட்டிக்கொண்டது. ஆயிரம் ஆண்டு கழித்து ஸ்காட்லாந்துக்காரர்கள் அயர்லாந்துக்குக் குடியேறினார்கள். இதில் யார் பூர்வீகம், யார் வந்தேறி என்று கோடு போடப் போனால் கை வலிக்கும்.

பெரிய குடியேற்றம் நடந்தது 17-ஆம் நூற்றாண்டில். அல்ஸ்டர் அப்போது ஐரிஷ் குறுநிலத் தலைவர்களின் கோட்டை. ஒன்பது ஆண்டுகள் ஆங்கில அரசை எதிர்த்துப் போரிட்டு 1603-ல் பணிந்தார்கள். அதே ஆண்டு ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், முதலாம் ஜேம்ஸ் என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் மன்னர் ஆனார். 1607-ல் ஹியூ ஓ'நீல், ரோரி ஓ'டானல் என்ற இரு பெருந்தலைவர்களும் தம் சுற்றத்தோடு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். திரும்பவே இல்லை. அவர்கள் ஆண்ட நிலத்தை அரசு பறிமுதல் செய்தது. ஆறு கவுன்டிகளின் நிலம் 1,000, 1,500, 2,000 ஏக்கர் எனக் கூறு போடப்பட்டது. நிலம் பெறுகிறவர் இங்கிலாந்திலிருந்தோ ஸ்காட்லாந்திலிருந்தோ புராட்டஸ்டன்ட் குடியானவர்களைக் கொண்டுவந்து குடியேற்ற வேண்டும் என்பது நிபந்தனை. ஆன்ட்ரிம், டவுன் ஆகிய இரண்டும் இந்தத் திட்டத்தில் சேரவில்லை. அங்கே 1606-லிருந்தே ஹாமில்டன், மான்ட்கோமரி என்ற இரு ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்கள் பொறுப்பில் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள்.

வந்தவர்கள் யார்? பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் தெற்குச் சமவெளி ஏழை உழவர்கள். இரு நாட்டு எல்லையில் மாடு கவர்வதையே தொழிலாக வைத்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங், எலியட், ஜான்ஸ்டன் போன்ற குலத்தாரும் உண்டு. நம் சங்க இலக்கியத்து வெட்சி, கரந்தை நினைவுக்கு வருகிறதா? 1690-களில் ஸ்காட்லாந்தில் தொடர்ந்து விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தபோது மேலும் பல்லாயிரம் பேர் கடல் தாண்டினார்கள்.

இந்தக் குடியேற்றத்தால் நிலமிழந்த ஐரிஷ் கத்தோலிக்கர்கள் எங்கே போனார்கள்? பலர் எங்கும் போகவில்லை. தங்கள் பாட்டன் உழுத வயலையே குத்தகைக்கு எடுத்து, புதிய முதலாளிக்கு வாரம் அளந்துகொண்டு அங்கேயே இருந்தார்கள். அந்த மனக்காயம் 1641-ல் கிளர்ச்சியாக வெடித்தது. இரு பக்கமும் ரத்தம் ஓடியது. இன்றைய வட அயர்லாந்துப் பிரச்சினையின் அடிவேர் இதுதான்.

நிலம் கிடைத்துவிட்டது, அரசும் பக்கபலம். பிறகு ஏன் அமெரிக்கா போனார்கள்? முதல் காரணம் குத்தகை. பழைய குத்தகை முடிந்து புதுப்பிக்கும்போது நிலச்சுவான்தார்கள் தொகையைக் கடுமையாக உயர்த்தினார்கள். அடுத்தது மதம். அரசின் மதம் ஆங்கிலிக்கன் சபை, இவர்களோ பிரஸ்பிட்டேரியன்கள். 1704-ல் வந்த சட்டப்படி, ஆங்கிலிக்கன் முறையில் திருவிருந்து எடுக்காதவர் அரசுப் பதவி வகிக்க முடியாது. இவர்களின் போதகர் நடத்திவைத்த திருமணத்தைச் சட்டம் முழுமையாக ஏற்கவில்லை. தாங்கள் போகாத கோயிலுக்குத் தசமபாகம் மட்டும் கட்ட வேண்டும். கத்தோலிக்கருக்கு மேலே, ஆங்கிலிக்கருக்குக் கீழே என்ற நடுப்படி வாழ்க்கை. இதோடு வறட்சியும், 1740-41 பஞ்சமும், 1770-களில் லினன் துணி வியாபாரத்தின் சரிவும் சேர்ந்துகொண்டன.

லினன் என்றதும் ஒரு விஷயம். லினன் நூல் ஆளிச்செடியின் தண்டில் இருந்து கிடைப்பது. நல்ல நார் வேண்டுமென்றால் விதை முற்றும் முன்பே செடியைப் பிடுங்கிவிட வேண்டும். அப்படியானால் அடுத்த விதைப்புக்கு விதை ஏது? பிலடெல்பியாவிலிருந்து கப்பலில் வந்தது. விதையை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல் காலியாகப் போகலாமா? ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். கையில் கட்டணம் இல்லாதவர்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் நான்கிலிருந்து ஏழு ஆண்டு வரை கூலியில்லாமல் உழைத்துக் கடன் கழிப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார்கள். பென்சில்வேனியாவில் இத்தனை பேர் இறங்கியதற்கு ஆளி விதைக்கும் பங்கு உண்டு. 1718-ல் பாஸ்டனுக்குப் போன கூட்டம்தான் முதல் பெரிய அலை. அதிலிருந்து 1775 வரை போனவர்கள் 1 லட்சம் என்று சிலரும், 2.5 லட்சம் வரை என்று சிலரும் கணக்கிடுகிறார்கள்.

கடற்கரையோர நல்ல நிலம் முன்பே வந்தவர்கள் கையில். எனவே இவர்கள் உள்நாட்டு எல்லைக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கிருந்து, பிலடெல்பியாவில் தொடங்கும் பெரிய வண்டிப்பாதை வழியாகத் தெற்கே இறங்கி, ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு, கரோலினா, டென்னசி என்று பரவினார்கள். ஏழாவது குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் பெற்றோர் 1765-ல் ஆன்ட்ரிமிலிருந்து போனவர்கள். உட்ரோ வில்சனின் தாத்தா டைரோன் கவுன்டி ஸ்ட்ராபேன் ஊர்க்காரர்.

சரி, அந்தப் பெயர் எப்போது வந்தது? 18-ஆம் நூற்றாண்டில் அவர்களைப் பெரும்பாலும் 'ஐரிஷ்' என்றே அழைத்தார்கள், அவர்களும் பெரிதாக மறுக்கவில்லை. 1845-க்குப் பிறகு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து, ஏழைக் கத்தோலிக்க ஐரிஷ் மக்கள் லட்சக்கணக்கில் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். ஊரெல்லாம் அவர்களை ஏளனமாகப் பார்த்தது. அப்போதுதான், "நாங்கள் அந்த ஐரிஷ் இல்லை, ஸ்காட்ச்-ஐரிஷ்" என்று பழைய குடும்பங்கள் அந்தப் பெயரை இறுகப் பிடித்துக்கொண்டன. 1889-ல் டென்னசி மாநிலம் கொலம்பியாவில் அதற்கென்று மாநாடே கூட்டினார்கள். தாத்தா கப்பலேறி நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு பேரன்கள் எடுத்துச் சூடிய பெயர் அது. பெயர் பொய்யில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுவதற்கு அது பயன்பட்டது. நம் ஊரில் நடக்காததா என்ன?

இனித் தேடும் வழி. குடும்ப வரலாறு தேடுபவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் விதி, இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாகப் போக வேண்டும் என்பதே. புகழ்பெற்ற ஒருவரை மேலே உட்காரவைத்துவிட்டு, அவரிடமிருந்து நம்மை நோக்கி ஏணி கட்டக் கூடாது.

அமெரிக்காவில் 1850 மக்கள்தொகைக் கணக்கில்தான் முதன்முதலாக வீட்டில் இருந்த சுதந்திரமானவர்கள் எல்லோருடைய பெயரும் எழுதப்பட்டது. அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1880 கணக்கில் தாய் தகப்பன் பிறந்த நாடும் உண்டு. அதற்கு முந்தைய காலத்துக்கு உயில், நிலப் பத்திரம், கல்லறைக் கல், குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் எழுதிவைத்த பிறப்பு இறப்புக் குறிப்பு. 1832 சட்டப்படி விடுதலைப் போர்ச் சிப்பாய்கள் ஓய்வூதியம் கேட்டு எழுதிய மனுக்கள் ஒரு புதையல். எங்கே பிறந்தேன், எங்கெங்கே குடிபோனேன் என்று கிழவர்கள் தம் வாயால் சொல்லியிருக்கிறார்கள்.

கடல் தாண்டும் இடத்தில்தான் நூல் அறுகிறது. கப்பல் பயணிகள் பட்டியலை முறையாகக் கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1820-ல்தான் வந்தது. பென்சில்வேனியாவுக்கு வந்த ஜெர்மானியர்கள் அந்நிய நாட்டார் என்பதால் 1727-லிருந்து உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள், அந்தப் பட்டியல் இருக்கிறது. அல்ஸ்டர்க்காரர்களோ அதே மன்னரின் குடிமக்கள். யாரும் அவர்களிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. சொந்த ராஜ்யத்துக்குள் இடம் மாறியவன் என்பதாலேயே தடம் இல்லாமல் போயிற்று.

அயர்லாந்துப் பக்கமோ இன்னும் சோதனை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரின் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு ஆவணங்கள் சாம்பலாகிக் காற்றில் பறந்தன. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. 1861, 1871 கணக்குகளை அரசே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுதாக மிஞ்சியவை 1901-ம் 1911-ம்தான்.

ஆனாலும் வழி முற்றாக அடைபடவில்லை. 1630-ல் எடுத்த ஆயுதம் தாங்குவோர் பட்டியல், 1660-களின் அடுப்பு வரிப் பதிவு, ஆளி பயிரிட்டதற்கு ராட்டையும் தறியும் பரிசாகப் பெற்றவர்களின் 1796 பட்டியல், 1820-30-களின் தசமபாகப் பதிவு, 1847-லிருந்து 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு என்று துண்டு துண்டாகக் கிடைக்கின்றன. பலவற்றை பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம், கணினியிலும் பார்க்கலாம். ஒன்று மட்டும் முக்கியம். குடும்பப் பெயர் மட்டும் போதாது, 'டவுன்லேண்ட்' பெயர் வேண்டும். நம் வருவாய் கிராமத்துக்குள் அடங்கிய குக்கிராமம் மாதிரி அது. அயர்லாந்தில் 60,000-க்கும் மேல் உண்டு. அது தெரியாமல் தேடுவது, "தமிழ்நாட்டில் முருகன் வீடு எது?" என்று கேட்பதுபோல.

இன்னொரு சின்ன விளக்கு, பெயர் வைக்கும் முறை. ஸ்காட்லாந்து வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். பிள்ளைகளின் வரிசை தெரிந்தால் தாத்தா பாட்டி பெயரை ஓரளவு ஊகிக்கலாம். ஊகம்தான், சான்று அல்ல. இதை நமக்கு விளக்கவே வேண்டாம். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே 'பெயரன்' என்றோம், பிறகு 'பேரன்' ஆனான்.

எச்சில் கொடுத்துப் பார்க்கும் மரபணுச் சோதனை பற்றியும் அவள் கேட்டிருந்தாள். எட்டுத் தலைமுறைக்கு முந்தைய வரிசையில் நமக்கு 256 முன்னோர்கள். கப்பலேறி வந்தவர் அதில் ஒருவர். அவரிடமிருந்து நமக்கு வருவது சராசரியாக அரை சதவீதத்துக்கும் குறைவு. தெற்கு ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, அல்ஸ்டர் மக்கள் காலம் காலமாகக் கலந்தவர்கள். அவர்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சதவீதம் போடுவது கடினம். தெரியாத உறவினரைக் கண்டுபிடிக்கச் சோதனை உதவும். "நான் யார்" என்ற கேள்விக்கு அது விடை தராது.

இந்த அளவில் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து இன்னொரு கடிதம். பையன் தேடிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றுவிட்டான். அப்பா வழிக் குடும்பத்தின் பழைய நிலம் லங்காஸ்டர் பகுதியில். அங்கே 1763 டிசம்பரில் நடந்ததை அவன் படித்துவிட்டான்.

கோனஸ்டோகா என்ற பூர்வகுடி மக்கள் அங்கே மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள், அரசோடு சமாதானமாக வாழ்ந்தவர்கள். எல்லையில் வேறு பூர்வகுடிகளோடு நடந்த போரில் ஆத்திரம் கொண்ட ஒரு கும்பல், பெரும்பாலும் ஸ்காட்ஸ்-ஐரிஷ் குடியேறிகள், டிசம்பர் 14 அன்று அவர்களில் 6 பேரைக் கொன்றது. மீதி 14 பேரை அரசு பாதுகாப்புக்காக லங்காஸ்டர் ஊருக்குள் கொண்டுபோய் வைத்தது. டிசம்பர் 27 அன்று கும்பல் அங்கும் புகுந்து, குழந்தைகள் உட்பட எல்லோரையும் கொன்றது. பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டித்து எழுதினார். தண்டனை ஒருவருக்கும் இல்லை. கும்பலில் இருந்தவர்கள் யார் யார் என்ற முழுப் பட்டியலும் இல்லை.

"இதையும் கட்டுரையில் எழுதுவேன் என்கிறான். பாட்டி மனம் நோகிறார். 'நம் ஆட்கள் அதில் இருந்ததாக எந்தச் சான்றும் இல்லையே, ஏன் இதைக் கிளற வேண்டும்' என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது, சார்?" என்று கேட்டிருந்தாள்.

மருமகளாக அவளுக்கு அது சங்கடமான இடம். நான் யோசித்து எழுதினேன். "பாட்டி சொல்வதில் ஒரு பாதி முழுக்க நியாயம். சான்று இல்லாமல் உன் மாமனார் குடும்பத்தின் மேல் ஒரு கொலையைச் சுமத்த முடியாது. நம் முன்னோர் அதைச் செய்தார்கள் என்று பையன் எழுதக் கூடாது. நாம் உழுத நிலம் இருந்த பகுதியில், நம்மைப் போன்றவர்கள் கையால் இது நடந்தது என்று எழுதலாம், எழுதவும் வேண்டும். குத்தகை கட்ட முடியாமல் கப்பலேறிய கதையைச் சொல்பவன், அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்த கரையில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அல்ஸ்டரில் இவர்களுக்குக் கிடைத்ததும் இன்னொருவரிடம் பறித்த நிலம்தானே? அநியாயத்துக்கு ஆளானவர்களும் அநியாயம் செய்தவர்களும் வேறு வேறு ஆட்களாகவே இருக்க வேண்டும் என்று வரலாற்றில் விதி கிடையாது. ஜாக்சன் தகப்பன் முகம் பார்க்காமல் பிறந்த ஏழைப் பிள்ளை. அவர்தான் அடிமைகளை வைத்திருந்தார், 1830-ல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டத்தில் கையெழுத்தும் போட்டார். இன்னொரு பக்கத்தையும் அவன் எழுதட்டும். 1791-ல் பெல்ஃபாஸ்டில் பிரஸ்பிட்டேரியன்கள் முன்னின்று, கத்தோலிக்கரையும் சேர்த்துக்கொண்டு சம உரிமைக்காகச் சங்கம் தொடங்கினார்கள். அதில் ஒருவரான ஹென்றி ஜாய் மெக்ராக்கன் 1798-ல் தூக்கில் தொங்கினார். இரண்டும் அதே மக்கள்தான். எழுதி முடித்ததும் முதலில் பாட்டியிடம் வாசித்துக் காட்டச் சொல்."

ஸ்காட்லாந்தா அயர்லாந்தா என்ற அவனுடைய முதல் கேள்விக்கு நான் எழுதிய பதில் இது: "ஸ்காட்லாந்திலிருந்து போனவர்கள், அயர்லாந்தில் நூறு ஆண்டு வாழ்ந்தவர்கள், அமெரிக்காவில் கலந்தவர்கள். உன் அம்மா வழியில் தாமிரபரணியும் உண்டு. ஒரே சொல்லில் எழுத இடம் விட்டிருந்தால், அந்தக் கட்டத்தைத் தாண்டி எழுது."

பிள்ளைகளே, இதை உங்களுக்கு ஏன் எழுதினேன் தெரியுமா? நாமும் நம் குலப் பெருமையை நிறையப் பேசுகிறோம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும், நாங்கள் அந்த மன்னர் வம்சம், இந்தத் தளபதி வழி என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஆனால் பாட்டனின் தாயார் பெயரைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறோம். அவர்களுக்கு ஆவணங்கள் எரிந்துபோயின. நமக்கோ ஆவணமாக இருக்கும் மனிதர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எனவே பழைய வழக்கப்படி வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து நான்கு விஷயம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒன்று, தாத்தா பாட்டிகளின் பெற்றோர் பெயர்கள், முக்கியமாகப் பெண்களின் பெயர்கள். இரண்டு, குடும்பம் எந்த ஊரிலிருந்து, என்ன காரணத்தால் இடம்பெயர்ந்தது. மூன்று, பழைய பத்திரங்களில் உள்ள ஊர்ப் பெயர்கள். நான்கு, பீரோவில் இருக்கும் பழைய போட்டோக்களில் யார் யார் என்பது. போட்டோவின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும். பெரியவர் சொல்லத் தயங்கும் இடம் வந்தால் வற்புறுத்த வேண்டாம், "இங்கே தயங்கினார்" என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடித்தவர்கள் எத்தனை தலைமுறை போக முடிந்தது என்று கீழே எழுதுங்கள். வழக்கம்போலக் கடைசி வரிசைக்காரர்கள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுத முடியாது, ஏனென்றால் இதில் ஒவ்வொருவருக்கும் விடை வேறு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்